ஆகாரப் பொருள்களும் புற்றுநோயும்

காரைக்கால் பகுதியில் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில தினங்கள் முன்னதாக, ஈரம் காயாத வயலில் உளுந்தும் பச்சைப் பயறும் தெளிப்பதும், வீட்டுக் கொல்லையில் முருங்கை, வாழை, கீரை வகைகளை வைத்துக்கொள்வதும் நெடுநாளைய வழக்கமாகும். இவற்றுடன் மஞ்சள், பூண்டு, மிளகு, கடுகு முதலிய சரக்குகளும் சேர்ந்தே இப்பகுதியின் சமையல் நடைபெறுகிறது. இப்பொருள்களில் சிலவற்றிலுள்ள இயற்கை வஸ்துக்கள் புற்றுநோய் உயிரணுக்களின் வளர்ச்சியைத் தடை செய்கின்றன என்று சோதனைச்சாலைகளில் கண்டிருப்பது உண்மையே. ஆனால் அவ்வுண்மை வாய்க்கு வாய் மாறி ஊருக்குள் வந்து சேரும்போது, மஞ்சள் தின்றால் புற்றுநோய் தீரும் என்ற உருவத்தை அடைந்துவிடுகிறது. அதை நம்பி மூன்று மாதமோ ஆறு மாதமோ சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள், நோய் குணமாகக்கூடிய காலத்தையே இழந்துவிடுகிறார்கள். கிராமத்தில் இவ்விதச் சங்கதிகளுக்குப் பலரும் யோசனை கேட்பது நிலமுடைய குடியானவர்களையும் கிராம உத்தியோகஸ்தர்களையுமே. ஆகையால் சோதனையில் கண்டது எவ்வளவு, மனிதர்களுக்குப் பலித்தது எவ்வளவு என்பதை அவர்கள் பிரித்தறிந்திருத்தல் அவசியமாகும்.

செடிகளில் இவ்வஸ்துக்கள் உண்டாகும் காரணம்

பூண்டின் காரம், கடுகின் நெடி, பாகலின் கசப்பு ஆகியவை மனிதனுடைய நாவுக்காக ஏற்பட்டவையல்ல. ஓடவும் ஒளியவும் இயலாத செடியானது, தன்னைத் தின்ன வரும் பூச்சியையும், தன்மேல் படரும் பூஞ்சக்காளானையும் விலக்குவதற்காகத் தானே தயாரித்துக்கொள்ளும் மருந்துகளே இவை. வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிருக்குத் தெளிக்கும் குடியானவருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. பூச்சியின் உயிரணுவைத் தாக்கக்கூடிய வஸ்து, தக்க அளவில் சேர்ந்தால், மனித உயிரணுவையும் தாக்கவே செய்யும்.

மனித உடலிலுள்ள உயிரணுக்கள் தேவைக்கு ஏற்பப் பெருகி, காலம் முடிந்தபின் மடிந்துபோகும் இயல்புடையவை. பரம்பரைக் குறிப்பு அடங்கிய பாகத்தில் பழுது ஏற்பட்ட ஓர் உயிரணு, மடிய வேண்டிய வேளையில் மடியாமல் மேன்மேலும் பிரிந்து பெருகுவதே புற்றுநோயாகும். தாவர வஸ்துக்களில் சில, அவ்வுயிரணு பிரிவதைத் தாமதப்படுத்துகின்றன; சில, அது தானே மடியும்படி தூண்டுகின்றன; வேறு சில, பழுதை உண்டாக்கும் விஷத்தைக் கல்லீரல் விரைவில் வெளியேற்றும்படி செய்கின்றன. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோசு, முருங்கை ஆகியவற்றை நசுக்கும்போது எழும் கார வஸ்துக்கள் கடைசி வகையைச் சேர்ந்தவை.

மஞ்சள்

இவ்விஷயத்தில் மஞ்சளைப்போல் அதிகமாகப் பேசப்பட்ட சரக்கு வேறொன்றில்லை. 1985ஆம் ஆண்டில் திருச்சூர் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார், ஒரு மில்லிலிட்டருக்கு 0.4 மில்லிகிராம் வீதம் மஞ்சள் சாரம் சேர்ந்த திரவத்தில் உயிரணுக்கள் வளராமல் நின்றுவிடுவதைக் கண்டு வெளியிட்டனர். புற்று உயிரணுக்கள் மடிந்தன என்ற பாதிச் செய்தியே ஊரில் பரவியது. அதே அளவு சாரத்தில், நோயை எதிர்க்க உதவும் வெள்ளணுக்களும் மடிந்தன என்பதும் அந்த ஆராய்ச்சியிலேயே கண்டிருக்கிறது. கண்ணாடித் தட்டில் வைத்த உயிரணுவைக் கொல்வது அரிய காரியமல்ல. உப்பும் சாராயமுங்கூட அதைச் செய்யும். நல்ல அணுவை விட்டுக் கெட்ட அணுவை மட்டும் தாக்குமா, வாய்வழி உண்ட வஸ்து அங்கே போய்ச் சேருமா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

போய்ச் சேருவது மிகவும் சொற்பம். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் வைத்தியக் கல்லூரியில் 1998ஆம் ஆண்டு வெளியான பரிசோதனையில், மஞ்சளின் நிறவஸ்துவாகிய குர்க்குமின் 2 கிராம் உட்கொண்டவர்களின் இரத்தத்தில் அது அனேகமாகக் காணப்படவேயில்லை. மிளகின் காரவஸ்துவாகிய பைப்பெரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது சுமார் 20 மடங்கு கூடுதலாகச் சேர்ந்தது. மஞ்சளையும் மிளகையும் ரசத்தில் கூட்டிய பழக்கம் வீண்போகவில்லை என்று இதைக் கேட்போர் மகிழலாம். ஆயினும், இல்லையென்னும்படியான அளவை இருபதால் பெருக்கினாலும் அது சொற்பமாகவே இருக்கிறது. அன்றியும் பைப்பெரின், கல்லீரல் வஸ்துக்களைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைத் தாமதப்படுத்தியே இப்பலனைத் தருகிறது. அதனால் வேறு மருந்துகளும் இரத்தத்தில் அளவுக்கு மிஞ்சித் தங்கக்கூடும்.

மனிதர்களிடம் செய்த பரிசோதனைகளுள் கவனிக்கத்தக்கது 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புகையிலை, பாக்கு ஆகியவற்றால் வாயினுள் ஏற்படும் வெண்படலம், நாளடைவில் சிலருக்குப் புற்றாக மாறுவதுண்டு. கேரளத்திலும் பெங்களூரிலுமுள்ள வைத்தியசாலைகளில் அத்தகைய 223 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தினம் 3.6 கிராம் குர்க்குமினும், மற்றவர்களுக்கு அதைப்போலவே தோற்றமளிக்கும் வெற்று மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தனர். குர்க்குமின் உண்டவர்களில் நூற்றுக்கு 67.5 பேருக்கும், வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 55.3 பேருக்கும் படலம் குறைந்தது. ஆகவே மஞ்சளுக்கு வேலை உண்டு; அது நூற்றில் பன்னிரண்டு பேரளவான வேலை. ஒன்றுமில்லாத மாத்திரையிலேயே பாதிக்குமேற்பட்டவர்களுக்குக் குறைந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். மஞ்சள் தின்று குணமான ஒருவரைச் சாட்சியாகக் காட்டுவது ஏன் போதாதென்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது.

மேற்படி 3.6 கிராம் குர்க்குமினுக்கு எவ்வளவு மஞ்சள் வேண்டும்? நல்ல விரலி மஞ்சளில் குர்க்குமின் நூற்றுக்குச் சுமார் 3 பங்கு என்று கொண்டால், தினம் 120 கிராம் மஞ்சள்தூள் தின்ன வேண்டும். குழம்பிலும் ரசத்திலும் ஒருவர் உண்பது இரண்டு மூன்று கிராமுக்கு மேற்படாது. ஆகவே சமையலில் இடும் மஞ்சள் ஆகாரமேயன்றி மருந்தளவு அல்ல. அதைத் தொடர்ந்து உபயோகிப்பதில் தீங்கும் இல்லை. குர்க்குமினைத் திரட்டி மிளகுச் சத்துடன் சேர்த்த மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் விழுங்கிக் கல்லீரல் கெட்டவர்கள் மேல்நாடுகளில் உண்டு. கடையில் வாங்கும் தூளில் ஈயம் கலந்த மஞ்சள் சாயம் சேர்க்கப்படுவதும் உண்டாகையால், விரலியாக வாங்கி உலர்த்தி அரைத்துக்கொள்வதே உத்தமம்.

நித்தியகல்யாணி

ஒரு தாவர வஸ்து உண்மையில் புற்றுநோய் மருந்தாவது எவ்வாறு என்பதற்குக் காரைக்கால் கடலோர மணலில் தானே முளைக்கும் ஒரு செடியே உதாரணமாகும். நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டுமல்லி என்றும் வழங்கும் இச்செடியின் இலை நீரிழிவுக்கு நல்லதென்று பல தேசங்களில் கருதப்பட்டு வந்தது. கனடா தேசத்தில் நோபிள், பீர் என்ற இரு விஞ்ஞானிகள் அதைச் சோதித்தபோது, நீரிழிவுக்குப் பயன் காணவில்லை. ஆனால் எலிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. அதைத் தொடர்ந்து 1958ஆம் ஆண்டில் வின்பிளாஸ்டின் என்னும் வஸ்து வெளிப்பட்டது. பின்னர் அதன் இனத்தைச் சேர்ந்த வின்கிரிஸ்டின் கிடைத்தது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே தோன்றும் நுண்ணிய இழைகளை இவ்வஸ்துக்கள் உருவாகவொட்டாமல் செய்வதால், பிரிவு பாதியில் நின்று அணு மடிகிறது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் வின்கிரிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்துகளில் ஒன்றாக இருக்கிறது.

ஒரு கிராம் மருந்துக்கே நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை தேவைப்படும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, நோயாளியின் உடலளவுக்குத் தக்கபடி மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். அளவு மிஞ்சினால் நரம்பு கெடும், உயிருக்கும் ஆபத்து. தமிழ்நாட்டின் தென் ஜில்லாக்களில் இச்செடியைப் பயிரிட்டு இலையும் வேரும் ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். மருந்து எடுக்கும் செடி என்று கேள்விப்பட்டு, வேலியோரத்து நித்தியகல்யாணியைக் கஷாயம் வைத்துக் குடிப்பது, பூச்சிமருந்து புட்டியை அளவில்லாமல் வாயில் கவிழ்ப்பதற்கு ஒப்பாகும்.

மிகுதியால் வந்த கேடு

உணவிலுள்ள நல்ல வஸ்துவைப் பிரித்தெடுத்து அதிகமாகக் கொடுத்தால் அதிக நன்மை விளையும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் வைத்தியர்களிடமும் இருந்தது. காரட், பூசணி, மாம்பழம், கீரைகள் ஆகியவற்றிலுள்ள பீடா கரோட்டீனைப் பற்றி அவ்வாறு நம்பினார்கள். அதற்கு அனுகூலமான சான்றும் இருந்தது. திருவனந்தபுரம் பக்கத்து மீனவ மக்களில் வாய் வெண்படலமுள்ள 160 பேரிடம் செய்து 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனையில், வெற்று மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கும், பீடா கரோட்டீன் உண்டவர்களில் 33 பேருக்கும், ஏ வைட்டமின் உண்டவர்களில் 52 பேருக்கும் படலம் முற்றிலும் மறைந்தது. ஆனால் மருந்தை நிறுத்தியபின் குணமடைந்தவர்களில் பாதிக்குக் குறையாதவர்களுக்கு அது திரும்பவும் வந்துவிட்டது.

இதற்கு முன்னரே, பின்லாந்து தேசத்தில் 29,133 பேரைக்கொண்டு நடத்திய பெரும் பரிசோதனையின் முடிவு 1994ஆம் ஆண்டில் வெளியாகிப் பலரையும் திடுக்கிடச் செய்தது. அவர்கள் அனைவரும் புகைபிடிக்கும் ஆடவர்கள். பீடா கரோட்டீன் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக நூற்றுக்கு 18 பங்கு கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த அதைப்போன்ற வேறொரு பரிசோதனையை, இதே கேடு கண்டு, 1996ஆம் ஆண்டில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பூசணியும் மாம்பழமும் தின்றவர்களுக்கு இத்தீங்கு நேரவில்லை. மாத்திரையாக்கித் தின்று, புகையையும் விடாதவர்களுக்கே நேர்ந்தது. காரைக்காலில் ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் வாரியிறைக்கும் கனிகளைப் பிடிக்க வருவோர் இதனால் அஞ்ச வேண்டுவதில்லை.

வேறொரு கழிமுகத்தில் கண்டது

காவிரிக் கழிமுகத்திலுள்ள குடியானவர்களுக்கு மிகவும் பொருத்தமான பாடம், சீன தேசத்தில் யாங்சி நதியின் கழிமுகத்திலுள்ள சிடோங் என்னும் பகுதியிலிருந்து கிடைக்கிறது. அங்கே கல்லீரல் புற்றுநோய் மிகுந்திருந்தது. மஞ்சட்காமாலைக் கிருமி ஒரு காரணம். ஈரக் காற்றில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்றது மற்றொரு காரணம். தானியத்திலும் கடலையிலும் பிடிக்கும் ஒருவகைப் பசுமஞ்சள் பூசணம் அப்ளாடாக்ஸின் என்னும் விஷத்தை உண்டாக்குகிறது. கல்லீரல் அணுக்களின் பரம்பரைக் குறிப்பைப் பழுதாக்குவதில் அதற்கு நிகரான உணவு விஷம் அரிது. சமைக்கும் சூட்டில் அது பெரும்பாலும் அழிவதில்லை.

இலைகளின் பச்சை நிறவஸ்துவிலிருந்து தயாரிக்கும் குளோரோபிலின் என்பதை அங்குள்ள 180 பேரிடம் சோதித்து, அதன் முடிவை 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒவ்வொரு வேளை உணவோடும் 100 மில்லிகிராம் வீதம் நான்கு மாதம் உண்டவர்களின் சிறுநீரில், அப்ளாடாக்ஸினால் உடலுக்கு நேர்ந்த பழுதின் அடையாளம் நூற்றுக்கு 55 பங்கு குறைந்திருந்தது. பச்சை வஸ்து குடலிலேயே விஷத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே ஏறவொட்டாமல் தடுத்ததே காரணம் என்று கருதுகிறார்கள். இது மெச்சத்தக்க பலனே. எனினும் சிடோங்கில் அப்ளாடாக்ஸினால் வந்த கேட்டைப் பெருமளவில் தணித்தது இம்மாத்திரையன்று. 1980க்குப் பிந்திய ஆண்டுகளில் சந்தைகள் திறக்கப்பட்டு, ஜனங்கள் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை விட்டு அரிசி உண்ணத் தொடங்கினார்கள். உடலில் காணும் அப்ளாடாக்ஸின் அளவு மிகவும் இறங்கியது. பின்வந்த ஆண்டுகளில் கல்லீரல் புற்றுநோயும் வெகுவாகக் குறைந்தது.

இவ்விஷத்தின் கொடுமை இந்தியாவுக்கும் புதிதன்று. 1974ஆம் ஆண்டில் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புறத்துக் கிராமங்களில் பருவந்தப்பிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்டு, 397 பேர் காமாலையுற்று அவர்களில் 106 பேர் மாண்டனர். அரிசி உண்ணும் காரைக்காலுக்கு இதனால் பயமில்லை என்று இருந்துவிடலாகாது. இப்பகுதிக்கு மழை மிகுதியாகக் கிடைப்பது ஐப்பசி, கார்த்திகையில். குறுவை அறுவடை சற்றுப் பின்தங்கினாலும் நெல் ஈரத்தோடு களத்தில் குவிந்து கிடக்கும். ஈர நெல்லைக் குவித்து மூடிவைப்பதைவிடக் கொட்டகையில் மெல்லியதாகப் பரப்பிக் கிளறிவிடுதல் நல்லது. சேமிக்கும்போது நெல்லில் ஈரம் நூற்றுக்கு 14க்கு மேற்படலாகாது. நிலக்கடலையில் 8 அல்லது 9 பங்கோடு நிற்க வேண்டும். காயைக் குலுக்கினால் பருப்பு உள்ளே ஆடிச் சப்திப்பது உலர்ந்ததற்கு எளிய அடையாளம். தோண்டும்போது வெட்டுப்பட்ட காய்களையும், சுருங்கிய பருப்பையும், பூசணம் கண்டதையும் பொறுக்கி விலக்க வேண்டும். விலக்கியதை எண்ணெய்க்குப் போடுவதும், பூசணம் பிடித்த பிண்ணாக்கைக் கறவை மாட்டுக்கு வைப்பதும் தவறு. பசு உண்ட விஷத்தில் ஒரு பகுதி பாலில் இறங்கி வீட்டுக் குழந்தைகளையே வந்து சேர்கிறது.

வெற்றிலையும் பாக்கும்

வெற்றிலையிலுள்ள சில வஸ்துக்களும் புற்று உயிரணுக்களைத் தடுப்பதாகச் சோதனைச்சாலையில் கண்டிருக்கிறார்கள். தாம்பூலப் பிரியர்கள் இதை மிக ஆவலுடன் எடுத்துச் சொல்வதுண்டு. வெற்றிலைக்குக் கிடைத்த நற்சாட்சியைக்கொண்டு பாக்கைத் தப்புவிக்க இயலாது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கு தனியாகவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவையே என்ற தீர்மானத்தை 2004ஆம் ஆண்டில் வெளியிட்டது. புகையிலை சேர்ந்தால் கேடு இன்னும் மிகுதி. நடவிலும் அறுவடையிலும் பசியும் அயர்வும் தெரியாமலிருக்கும்பொருட்டு ஆட்கள் நாள் முழுவதும் இதைக் கதுப்பில் அடக்கி வைத்துக்கொள்கிறார்கள். கூலியுடன் வெற்றிலை, பாக்கு, புகையிலை கொடுக்கும் வழக்கம் எங்கேனும் மீதியிருந்தால், அதற்குப் பதிலாகச் சுண்டலோ மோரோ கொடுத்தல் நிலமுடையவர்கள் கையிலுள்ள காரியம்.

வீட்டுக்கு வேண்டியது

கீரை, காய், கனி, பயறு வகைகளைத் தாராளமாக உண்பவர்களுக்குச் சிலவகைப் புற்றுநோய்கள் குறைவாக வருகின்றன. பயறு, உளுந்து, தவிடு போகாத தானியம் ஆகியவற்றின் நார்ச்சத்து பெருங்குடலுக்கு நன்மை செய்கிறது. தெளிபயறு முழுவதையும் விற்றுவிட்டு வெள்ளைச் சோறும் புளிக்குழம்புமாகக் காலம் தள்ளும் வீடுகள் இப்பகுதியில் உண்டு. ஒரு மூட்டையை வீட்டுக்கு நிறுத்திக்கொள்வது நஷ்டமாகாது. பூண்டை நசுக்கியவுடன் எண்ணெயில் போடாமல் சுமார் பத்து நிமிஷம் வைத்திருந்தால், அதன் கார வஸ்து உண்டாக அவகாசம் கிடைக்கும். முட்டைக்கோசையும் நெடுநேரம் கொதிக்கவிடாமல் இளவேக்காடாக எடுப்பது நல்லது.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யக்கூடியவை

திருவனந்தபுரம் ஜில்லாவில் 13 பஞ்சாயத்துகளைத் தேர்ந்தெடுத்து, 1996ஆம் ஆண்டு முதல் அவற்றுள் ஏழில் மட்டும், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை வீடுதோறும் சென்று ஜனங்களின் வாயைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்து வந்தனர். 2005ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, அவ்வேழு பஞ்சாயத்துகளில் புகையிலை அல்லது மதுப்பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் மரணம் நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது. இதற்கு யந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய கொம்யூன்களிலும் காரைக்கால் நகரிலும், ஆரம்ப சுகாதார நிலையத்தாருடன் கலந்து, அறுவடை முடிந்து ஆட்கள் ஊரிலிருக்கும் நாட்களில் இவ்விதம் வாய் பார்க்க ஏற்பாடு செய்யலாம். மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம், வாய் திறப்பு வரவரக் குறுகுதல், கழுத்தில் கட்டி, மார்பகத்தில் கட்டி, காரணமில்லாத உதிரப்போக்கு ஆகியவை கண்டவர்களைத் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும்.

புற்றுநோயைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. சந்தைகளிலும் திருவிழாக்களிலும் அத்தகைய துண்டுப் பிரசுரங்களுடன் சூரணம் விற்போரைக் கண்டால், மேலதிகாரிகளுக்கு உடனே தெரிவிக்கலாம்.

நோயாளியை முதலில் காரைக்கால் அரசினர் பொது மருத்துவமனைக்கு அனுப்பலாம். மேற்கொண்டு சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மரில் பிராந்தியப் புற்றுநோய் மையம் இருக்கிறது. 1823ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் நிறுவிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஸ்தாபனமே அது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் உண்டு. எங்கே சென்றாலும், அதுவரை உண்டுவந்த கஷாயம், சூரணம், மஞ்சள் மாத்திரை எதுவாயினும் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்வதோடு, அதன் புட்டியையும் பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்டும்படி நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் சொல்லியனுப்ப வேண்டும்.